பிளீச்சிங் பவுடர் கடைசி வேலை: ஒரு வெட்டுகல் கிணற்றைச் சரிசெய்த பதிவு

மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலம். 6 சென்ட் மனையில் ஒரு வீட்டுக் கிணறு. மேலே 30 செ.மீ. உயரத்தில் 12 கான்கிரீட் உறைகள், அதற்குக் கீழே வெட்டுகல்லிலேயே (செம்புரைக்கல்) குடைந்த சுவர், அடியில் வெள்ளைக் களி. உள்விட்டம் 1.8 மீட்டர், தரையிலிருந்து அடிவரை 9.6 மீட்டர். சித்திரைக் கடைசியில் அளந்தபோது 2.5 மீட்டர் தண்ணீர் நின்றது.

இந்த வீட்டில் மாதம் தவறாமல் பிளீச்சிங் பவுடர் போட்டு வந்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு கோடை மழை பெய்துவிட்டால் மறுவாரமே தண்ணீரைப் பிடித்துக் கிருமி பார்க்கும் எச்-டூ-எஸ் சோதனைப் பாட்டில் 24 மணி நேரத்துக்குள் கறுத்தது. பாட்டில் கறுத்தால் தண்ணீரில் மலக்கழிவோடு வரும் கிருமிகள் இருக்க வாய்ப்பு அதிகம். மேற்குக் குமரியில் விளவங்கோடு, கிள்ளியூர், கல்குளம் பக்கம் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் இதே புகார்தான்: "மருந்து போட்டோம், கேக்கல்ல." மருந்தின் மேல் குற்றமில்லை. அழுக்கு உள்ளே வரும் வழியை அடைக்காமல் மருந்து போட்டால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதைதான். ஆகவே இந்த வேலையில் பவுடர் கடைசி நாள்தான் கைக்கு வந்தது.

வழி எங்கே என்று பார்த்தது

முதல் கருவி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. காலை 11 மணி வெயிலில் கைப்பிடிச்சுவர் ஓரம் நின்று, வெளிச்சத்தைக் கண்ணாடியில் வாங்கிக் கிணற்றுக்குள் திருப்பினால் டார்ச்சைவிடத் தெளிவாகத் தெரியும். உறைச்சுவர் முழுக்க வெளுத்துக் காய்ந்திருக்க, இரண்டாம் உறையில் மோட்டார் பைப்புக்காக உடைத்த துளையிலிருந்து மட்டும் கறுத்த ஈரக் கோடு ஒன்று நேராக இறங்கியது. அதில் பச்சைப் பாசி. 25 மி.மீ. பைப்புக்கு உள்ளங்கை அகலத்தில் துளை போட்டு, மிச்ச இடத்தில் சாக்கைத் திணித்திருந்தார்கள். மூன்றாம், ஐந்தாம் உறைகளின் இணைப்பில் தென்னை வேர் மயிர்போல வெளியே தொங்கியது. வேர் வரும் இடத்தில் தண்ணீரும் வரும்.

துணி துவைக்கும் கல் கிணற்றிலிருந்து ஒன்றரை மீட்டரில் கிடந்தது. தளத்தில் விரல் நுழையும் வெடிப்பு. துவைக்கிற தண்ணீர் கிணற்றுக்குள்தான் போகிறதா என்று தெரிய, கல்லுப்பை வைத்துச் சோதித்தோம். 200 லிட்டர் டிரம்மில் 2 கிலோ உப்பைக் கரைத்து, கல்லின் ஓரத்தில் மெதுவாக ஊற்றியது சாயங்காலம். அதற்கு முன் கிணற்றுத் தண்ணீரின் டி.டி.எஸ். (லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, மி.கி. கணக்கில்) 84. மறுநாள் காலையில் வாளியை அடிவரை விட்டு நன்றாகக் கலக்கி எடுத்தபோது 131. உப்புத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும், கலக்காமல் மேல் தண்ணீரை அளந்தால் ஏமாந்துவிடுவோம். கணக்கு எளிது: 6,360 லிட்டரில் லிட்டருக்கு 47 மி.கி. கூடினால் ஏறக்குறைய 300 கிராம். அதாவது ஊற்றிய உப்பில் ஏழில் ஒரு பங்கு ஒரே இரவில் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. அன்றாடம் துவைக்கும் சோப்புத் தண்ணீரும், குழந்தைத் துணி அலசும் தண்ணீரும் அதே வழியில்தான் போயிருக்கும். இந்த அளவு உப்பு குடிப்பதற்குக் கேடில்லை, எப்படியும் கிணற்றை இறைக்கப் போகிறோம். டி.டி.எஸ். ஏறவில்லை என்றால் வழியே இல்லை என்று மட்டும் முடிவு கட்டிவிட வேண்டாம். காய்ந்த மண்ணில் உப்பு வந்து சேர நாளாகலாம்.

செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி 11 மீட்டர் தூரத்தில், பக்கத்து வீட்டுக்காரருடையது 9 மீட்டரில், அதுவும் மேட்டுப் பக்கம். கிணற்றுக்கும் குழிக்கும் 15 மீட்டராவது வேண்டும் என்பது பொதுவான விதி. பொதுவாக ஒரு 5 சென்ட் மனை என்றால் 202 சதுர மீட்டர். சதுரமாகப் பிரித்தால் ஒரு பக்கம் 14 மீட்டர், மூலைக்கு மூலை 20 மீட்டர். நடுவில் வீடு, ஓரத்தில் இடைவெளி எல்லாம் போக, சொந்தக் குழியை 15 மீட்டர் தள்ளி வைப்பதே பெரும்பாடு. அடுத்தவர் குழி எங்கே வருகிறது என்பது நம் கையில் இல்லை. மனை வாங்குகிறவர்கள் கிணற்றுக்கு நூல் பிடிப்பதற்கு முன்னால் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்வதால் ஆனி–ஆடியிலும் ஐப்பசி–கார்த்திகையிலும் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். கோடையில் வறண்டு நிற்கும் குழி அப்போது தண்ணீருக்குள் நிற்கும். மழைக்காலத்தில் மட்டும் பாட்டில் கறுக்கும் கிணறுகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வெளிச்சுவர், களிமண், தளம்

உறையின் வெளிப்புறம் சுற்றிலும் 45 செ.மீ. அகலம், 1.2 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியது. முழு வட்டத்தையும் ஒரேயடியாகத் தோண்டக் கூடாது. பிடிமானம் போய் உறை நகர்ந்தால் இணைப்பு திறந்துகொள்ளும், பிறகு அந்தக் கிணற்றையே மறக்க வேண்டியதுதான். கால் வட்டம் தோண்டு, பூசு, நிரப்பு, அப்புறம் அடுத்த கால் வட்டம். தென்னை வேரை உறை ஓரத்தோடு அறுத்து, இணைப்புகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நனைத்து, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் என்று 15 மி.மீ. கனத்தில் பூச்சு. மூட்டைக்கு 200 மி.லி. நீர்க்கசிவு தடுப்புத் திரவம் கலந்தோம். மூன்று நாள் ஈரச் சாக்கு.

பூச்சு காய்ந்த பிறகு களிமண். நிரப்ப வேண்டிய இடம் 4 கன மீட்டர், இடிக்கும்போது மண் அடங்கும் என்பதால் 5 கன மீட்டர் இறக்கியது. 15 செ.மீ. போட்டு, பிசையும் பதத்துக்கு நனைத்து, உலக்கையால் இடித்து, அதன்மேல் அடுத்த 15 செ.மீ. தோண்டிய செம்மண்ணையே திரும்பத் தள்ளிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் கிளறிய செம்மண் பஞ்சு மாதிரி, மேல்மழை அப்படியே உள்ளே இறங்கும். செலவைக் குறைக்க எங்கே வேண்டுமானாலும் கை வையுங்கள், களிமண்ணில் மட்டும் வேண்டாம்.

உள்பக்கம் மேல் பத்து இணைப்புகளையும் உளியால் 2 செ.மீ. ஆழத்துக்குக் கொத்தி, ஒன்றுக்கு இரண்டு கலவையால் அடைத்தது. மேல் 3 மீட்டர் மட்டும் இறுக்கமாக இருந்தால் போதும். அதற்குக் கீழே வெட்டுகல்லின் கண்களைப் பூசி மெழுகினால் ஊற்றையே அடைத்தவர்களாவோம்.

பைப்புத் துளையை மூடிவிட்டு, பைப்பைக் கைப்பிடிச்சுவருக்கு மேலாக வளைத்து வெளியே எடுத்தோம். இது நீர்மூழ்கி மோட்டார் என்பதால் அப்படிச் செய்ய முடிந்தது. மேலே இருந்து உறிஞ்சும் மோட்டார் என்றால் வளைவின் உச்சியில் காற்று தங்கி, தண்ணீர் ஏறாமல் சண்டித்தனம் செய்யும். அங்கே துளையிலேயே ஒரு அளவு பெரிய பி.வி.சி. துண்டைக் கலவையில் பதித்து, அதன் வழியே பைப்பை விட்டு, இடைவெளியை வெளிப்பக்கம் சரிவாக அடைக்க வேண்டும்.

தளம் சுற்றிலும் 1.2 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம், ஒன்று–இரண்டு–நான்கு கான்கிரீட், 8 மூட்டை சிமென்ட். வெளிப்பக்கம் 3 செ.மீ. சரிவு, ஓரத்தில் 5 செ.மீ. வரம்பு, ஒரு மூலையில் 75 மி.மீ. குழாய் வாழைத் தடத்துக்கு. புதுக் களிமண் மேல் உடனே தளம் போட்டால் மண் அமர்ந்து தளம் வெடிக்கும், மறுபடியும் பழைய கதை. பத்து நாள் தண்ணீர் விட்டு அமரவிட்டு, அமர்ந்த பள்ளத்தை மேலும் களி வைத்து இடித்து, பிறகு நான்கு துண்டாகத் தளம் வார்த்து, இடைவெளியில் தார் ஊற்றியது. துவைக்கும் கல் 7 மீட்டர் தள்ளித் தாழ்ந்த பக்கம் போனது. கைப்பிடிச்சுவர் 75 செ.மீ. பச்சை வலை சருகைத் தடுக்கும், காக்கை எச்சத்தைத் தடுக்காது, ஆகவே வலைக்கு மேல் தகர மூடி.

இறைப்பு: உயிர் போகும் இடம் இது

கிணற்றுக்குள் பெட்ரோல், டீசல் எஞ்சினை இறக்கவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். மெழுகுவர்த்தியை வாளியில் இறக்கிப் பார்க்கும் பழக்கம் நல்லது, அணைந்தால் இறங்காதீர்கள். ஆனால் எரிகிறது என்பதற்காக விஷவாயு இல்லை என்று சொல்ல முடியாது, கார்பன் மோனாக்சைடை அந்தத் திரி காட்டாது. இலை வேய்ந்த கூடையைக் கயிற்றில் கட்டி அரைமணி நேரம் மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கி, பிறகு இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டிய ஒருவர் மட்டும் இறங்க, மேலே இரண்டு பேர் கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் கயிறால்தான் தூக்க வேண்டும். காப்பாற்றப் பின்னால் குதிப்பவரும் சேர்ந்து போவதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. ஆள் உள்ளே இருக்கும்போது மின் மோட்டாரின் பியூஸ் கையில் இருக்கட்டும்.

தூர் வாரியதில் 18 வாளி சேறு, சருகு, ஒரு பழைய கப்பி, பிளாஸ்டிக் கவர்கள். சேறு மிச்சமிருந்தால் குளோரின் முழுவதையும் அதுவே தின்றுவிடும். இறைத்து முடித்த முதல் மணி நேரத்தில் தண்ணீர் 12 செ.மீ. ஏறியது. அடிப்பரப்பு 2.54 சதுர மீட்டர் என்றால் மணிக்கு 300 லிட்டர் ஊற்று. இந்த எண்ணைக் கைப்பிடிச்சுவரின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறோம், அடுத்த கோடையில் ஒப்பிட.

கடலோரக் கிணற்றுக்கு இந்த இறைப்பு முறை அப்படியே பொருந்தாது. குளச்சல், முட்டம், மணக்குடி மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. ஒட்ட இறைத்தால் கீழிருந்து உப்பு மேலே வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் புகுந்த கிணறுகளைப்போல, உப்பு ஏறிய கிணற்றில் அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப இறைப்பது நிலைமையை மோசமாக்கும். அங்கே கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, ஒவ்வொரு முறையும் டி.டி.எஸ். பார்த்து, ஏறத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். ஆழப்படுத்தவும் கூடாது.

பவுடரின் நாள்

கணக்கு: 3.14 × விட்டம் × விட்டம் ÷ 4 × நீரின் ஆழம். எல்லாம் மீட்டரில் எடுத்தால் கன மீட்டர் வரும், அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 1.8 மீட்டர் விட்டம், 2.5 மீட்டர் ஆழம் என்றால் 6,360 லிட்டர்.

முழுச் சுத்திகரிப்புக்கு லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் வைத்தோம், மொத்தம் 318 கிராம். புது பிளீச்சிங் பவுடரில் 33 விழுக்காடு குளோரின் இருக்கும், ஆகவே ஏறக்குறைய 1 கிலோ பவுடர். ஆனால் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கிற பவுடரில் பாதிகூட மிச்சமில்லாமல் போகலாம், வெயிலும் ஈரமும் குளோரினைக் கொண்டுபோய்விடும். வீட்டிலேயே சோதிக்கலாம். 1 கிராம் பவுடரை 1 லிட்டர் கேன் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்ததில் 3 மி.லி.யை ஊசிக்குழலில் எடுத்து இன்னொரு லிட்டர் கேன் தண்ணீரில் விடவும். நல்ல பவுடர் என்றால் குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் உள்ள குளோரினை நிறத்தை வைத்துக் காட்டும் சிறு கருவி) லிட்டருக்கு 1.0 மி.கி. காட்டும். முதலில் வாங்கிய பொட்டலம் 0.5 காட்டியது. அதைத் தளம் கழுவ வைத்துவிட்டு, கட்டிய பையில் தேதியோடு இருந்த புதுப் பொட்டலம் வாங்கியபோது 0.9 மேல் வந்தது. 0.5 பவுடரே கிடைத்தாலும் பரவாயில்லை, எடையை இரட்டிப்பாக்கினால் போதும். தெரியாமல் போடுவதில்தான் ஆபத்து.

வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, முக்கால் வாளி ஆக்கிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட வேண்டும். மேலே தெளிந்த தண்ணீர் மட்டும் இன்னொரு வாளிக்கு, அதுதான் கிணற்றுக்கு. அடியில் தங்கும் வெள்ளைச் சுண்ணாம்பு மண்டி கிணற்றுக்குள் போனால் தண்ணீர் கடினமாகும். பத்து வாளி இப்படி. வாளியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மேலும் கீழும் இழுத்துக் கலக்கி, கடைசி இரண்டு வாளியை உள்சுவர் முழுக்க ஊற்றிக் கழுவியது. கப்பிக் கயிறும் கோரும் வாளியும் அதே தண்ணீரில் ஊறின. பிறகு மோட்டார் போட்டு, மொட்டைமாடித் தொட்டி நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசம் வரும் வரை திறந்து மூடி, இரவு 12 மணி நேரம் அப்படியே விட்டது.

இந்த இடத்தில் பலர் பயந்து போவார்கள்: தண்ணீர் பழுப்பாகிவிடும். வெட்டுகல் நிலத்துத் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பைக் குளோரின் துருவாக மாற்றுவதால் வரும் நிறம் அது. 1 மி.கி. இரும்புக்கு 0.64 மி.கி. குளோரின் செலவாகும். காலையில் துரு அடியில் படிந்திருந்தது, இறைத்தபோது போய்விட்டது. இறைத்த தண்ணீரை மீன் வளர்க்கும் குளத்திலோ செப்டிக் டேங்கிலோ விடக் கூடாது.

அதற்குப் பிறகு அன்றாட அளவு: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். 6,360 லிட்டருக்கு 16 கிராம். சாயங்காலம் கோரி முடித்த பிறகு போட்டு, ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் மீதம் இருக்கிறதா பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் அளவைக் கூட்டவும். பெரும்பாலானோர் தவறு செய்யும் இடம் கரண்டிக் கணக்கு. கார்த்திகையில் இதே கிணற்றில் 6 மீட்டர் தண்ணீர் நிற்கும், 15,260 லிட்டர். அப்போது 38 கிராம் வேண்டும். கோடைக் கரண்டியையே மழைக்காலத்திலும் போட்டால், அழுக்கு அதிகம் வரும் காலத்தில் மருந்து பாதிக்கும் குறைவு. கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கல் கட்டி வைத்தால் அளப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தினமும் பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு இரட்டைப் பானை முறை. 1 கிலோ பவுடரும் 2 கிலோ பருமணலும் ஈரமாகக் கலந்து உள்பானையில், துளைக்கு 3 செ.மீ. கீழ்வரை நிரப்பி, அதை வெளிப்பானைக்குள் வைத்து, இரண்டிலும் 1 செ.மீ. துளை போட்டு, நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் கீழே தொங்கவிட வேண்டும். 4,500 லிட்டர் கொண்ட கிணற்றில், தினம் 400 லிட்டர் அளவு கோரினால் இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

சோதனையும் குளோரின் கை வைக்காதவையும்

குளோரின் மணக்கும் தண்ணீரை எச்-டூ-எஸ் பாட்டிலில் பிடித்தால் அது கறுக்காது, அதை வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்று, மீதக் குளோரின் பூஜ்யமாகும் வரை நிறுத்திவைத்துப் பிடிக்க வேண்டும், அல்லது மாதிரியில் சோடியம் தயோசல்பேட் ஒரு சிட்டிகை போட்டுக் குளோரினை முறிக்க வேண்டும். 10 நாள் குளோரின் போடாமல் விட்டுப் பிடித்த பாட்டில் 48 மணி நேரம் மஞ்சளாகவே நின்றது. அடுத்து ஒரு நல்ல மழைக்குப் பின் பிடித்ததும் அப்படியே.

தண்ணீரின் பி.எச். 5.8. ஐ.எஸ். 10500 தரம் சொல்வது 6.5 முதல் 8.5 வரை. அமிலத்தன்மை உள்ள தண்ணீரில் குளோரின் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் இரும்புக் குழாயையும் பித்தளையையும் அந்தத் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும். பி.வி.சி. குழாய்க்கு மாறுவது நல்லது. சிப்பிச் சுண்ணாம்பு போடும் பழக்கம் பி.எச்.சை உயர்த்தும். ஆனால் குளோரின் போடும் அதே நாளில் வேண்டாம், பி.எச். 7.5 தாண்டினால் குளோரினின் வேகம் குறையும். நெல்லிக்கட்டை போட்டால் தண்ணீர் ருசிக்கும் என்பார்கள். போடலாம், ஆனால் அதை நம்பிக் குளோரினை விட்டுவிட முடியாது.

நைட்ரேட்டைக் குளோரின் தொடாது, கொதிக்கவைத்தால் அது இன்னும் செறிவாகும். வரம்பு லிட்டருக்கு 45 மி.கி., கைக்குழந்தை உள்ள வீட்டில் இதைப் பார்க்காமல் விடவே கூடாது. வாழைக்கும் ரப்பருக்கும் உரம் போடும் நிலத்தை ஒட்டிய கிணறுகளுக்கும், உறிஞ்சு குழி அருகில் உள்ளவற்றுக்கும் வருடம் ஒரு முறை குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது அவசியம். இந்தக் கிணற்றில் 31 வந்தது. வரம்புக்குள்தான், ஆனாலும் மேட்டுப் பக்கத்துக் குழியின் மேல் கண் வைக்கச் சொல்லும் எண் அது.

சமையலறையில் ஒரு பழக்கம் மட்டும் மாற வேண்டும். சீரக வெள்ளத்தை (சீரகம் போட்ட குடிதண்ணீர்) நன்றாகக் கொதிக்கவிட்டு, குடிக்கும் சூட்டுக்கு வரட்டும் என்று பச்சைத் தண்ணீர் கலப்பது. கொதித்த தண்ணீர் அந்தச் செம்பளவு பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்காது. மூடி வைத்துத் தானாக ஆறவிடுங்கள், அவசரமென்றால் பாத்திரத்தோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கி வையுங்கள்.

2017 ஒக்கிப் புயல், 2021 நவம்பர் வெள்ளம் போல வெள்ளம் கைப்பிடிச்சுவரைத் தாண்டினால், மேலே சொன்னது எல்லாம் தூர் வாருவதிலிருந்து மறுபடியும். அதுவரை இந்தக் கிணற்றுக்கு மிச்ச வேலை: ஆனி மழை தொடங்கி இரண்டாம் வாரம் கண்ணாடியில் உள்சுவரைப் பார்ப்பது, தளத்தின் தார் இடைவெளி விரிந்திருந்தால் அடைப்பது, ஐப்பசியில் ஒரு பாட்டில், ஒரு நைட்ரேட் சோதனை.